ஆன் ஆர்பர் படிக்கட்டும் அக்கா வீட்டுக் காலண்டரும்

வாசகர்களே! வெளிதேசம் போகிறவர்கள் சாதாரணமாகக் கோட்டையைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள், நீர்வீழ்ச்சியைப் பார்ப்பார்கள். நான் அமெரிக்காவுக்குப் போய் ஒரு படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அங்கிருந்து காரிலேயே நயாகராவுக்குப் போய் வந்திருக்கலாமே ஐயா!" என்று ஆசிரியர் அங்கலாய்த்தார். போயிருக்கலாம்தான். ஆனால் நயாகராவைப் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தப் படிக்கட்டைப் பற்றியும், அதன் காரணமாக என் அக்கா வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்த ஒரு காலண்டரைப் பற்றியும் எழுதுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

சென்ற அக்டோபரில் டிட்ராயிட் நகரத்தில் ஒரு காரியமாகச் சில நாள் தங்க நேர்ந்தது. டிட்ராயிட்டுக்கு மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில் இருக்கிறது ஆன் ஆர்பர். 1824-ல் உண்டான ஊர். ஹியூரான் என்ற சிறு நதி ஊரைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. நம் சிதம்பரத்தையும் அண்ணாமலை சர்வகலாசாலையையும் பிரிக்க முடியாதது போல, ஆன் ஆர்பரையும் மிச்சிகன் சர்வகலாசாலையையும் பிரிக்க முடியாது. அந்த ஊரில்தான் என் பெரியம்மா மகள், அதாவது என் அக்கா, முப்பது வருஷமாகக் குடியிருக்கிறாள்.

அக்டோபர் மாதத்தில் அந்த ஊரைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. மேப்பிள் மரங்களெல்லாம் குங்குமத்தையும் மஞ்சளையும் வாரிப் பூசிக்கொண்டு நிற்கின்றன. நடைபாதையில் சருகு கணுக்கால் ஆழம் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை உதைத்துக்கொண்டே போகிறார்கள். சனிக்கிழமை வந்தால் லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் கால்பந்து. அன்றைக்கு ஊரே தெருவுக்கு வந்துவிடுகிறது. நான் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. ஆகையால் தப்பித்தேன்.

மூன்று வட்டங்கள்

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. ராகு காலம், எமகண்டம், சூலம், அஷ்டமி, நவமி எல்லாம் அச்சிட்ட நம் ஊர்க் காலண்டர். ஒவ்வொரு வருஷமும் பெரியம்மா திருநெல்வேலியிலிருந்து அனுப்பி வைப்பாள். அதன் பக்கத்திலேயே பெரிய மாதக் காலண்டர் ஒன்று. அதில் மூன்று தேதிகளைச் சுற்றி மூன்று வர்ணத்தில் வட்டம் போட்டிருந்தது. அக்டோபர் முதல் தேதியில் பச்சை. அடுத்த இரண்டும், இந்த வருஷத்துக் கடைசித் தாளுக்குக் கீழே தனியாக ஒரு காகிதம் ஒட்டி, அதில் எழுதியிருந்தன: ஜனவரி முதல் தேதிக்கு மஞ்சள், ஜூன் முதல் வாரத்துக்குச் சிவப்பு.

"இது என்ன அக்கா? கல்யாண முகூர்த்தமா?" என்று கேட்டேன்.

"கல்யாணமா? அப்படி ஒண்ணு நடந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்? உன் மருமகளைக் கேளு!" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுப்பை ஏதோ விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மருமகளுக்கு வயது 21. ஆன் ஆர்பரிலேயே கணிதத்தில் கடைசி வருஷம். தமிழ் பேசுவாள், ஆனால் அந்தத் தமிழ் தாமிரபரணியில் குளித்துவிட்டு ஹியூரான் நதியில் தலை துவட்டிக்கொண்ட தமிழ். அவள் சொன்ன விஷயம் இதுதான்: 'பீஸ் கோர்' என்ற தொண்டர் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில், ஏதாவது ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தர வேண்டும். மூன்று மாதப் பயிற்சி, பிறகு இரண்டு வருஷ ஊழியம், ஆக 27 மாதம்.

பீஸ் கோர் என்பது அமெரிக்க சர்க்காரின் நிறுவனம். பெயரைப் பார்த்துப் பட்டாளம் என்று எண்ணிவிடாதீர்கள். துப்பாக்கி கிடையாது. 1961 முதல் இதுவரை 2,40,000-க்கு மேற்பட்டவர்கள் 140-க்கு மேற்பட்ட தேசங்களுக்குப் போய் வந்திருக்கிறார்கள். வாத்தியார் வேலை, விவசாயம், சுகாதாரம், காடு வளர்ப்பு என்று போகிற இடத்தின் தேவைக்குத் தகுந்தபடி வேலை. சம்பளம் என்று ஒன்று இல்லை. அந்த ஊர் ஜனங்களைப் போலவே சாப்பிட்டு, அவர்களைப் போலவே வசிப்பதற்குப் போதுமான படி மாதாமாதம் கொடுப்பார்கள். முழுக் காலமும் இருந்து திரும்பினால், புது வாழ்க்கையைத் தொடங்குவதற்காகப் பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் அதிகமாக ஒரு தொகை தருவார்கள்.

பச்சை வட்டம், விண்ணப்பம் போடக் கடைசி நாள். மஞ்சள், அழைப்பு உண்டா இல்லையா என்று தெரியும் நாள். சிவப்பு, புறப்படும் நாள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இந்த மூன்று தேதிகளையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள்.

"அந்தச் சிவப்பு தேதி அஷ்டமியிலே வருதுடா!" என்றாள் அக்கா அடுப்பங்கரையிலிருந்து.

"சர்க்கார் அஷ்டமி நவமி பார்க்கிறதில்லை அம்மா" என்றாள் பெண்.

இரவு இரண்டு மணி

மறுநாள் மருமகள் என்னை ஸ்டேட் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். சர்வகலாசாலை மாணவர்கள் கூடும் 'மிச்சிகன் யூனியன்' என்ற செங்கல் கட்டடம் அங்கே நடுநாயகமாக நிற்கிறது. நடுவில் சதுரமான கோபுரம். முன்னால் அகலமான கல் படிக்கட்டு. மாணவர்கள் படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிறார்கள். படி ஏறினதும் காலடியில் வட்டமாக ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறது. பக்கத்துச் சுவரிலும் ஒரு தகடு.

"இங்கேதான் மாமா" என்றாள் மருமகள்.

1960-ம் வருஷம் அக்டோபர் 13-ம் தேதி இரவு. ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. ஜான் கென்னடி நியூயார்க்கில் இருந்தபடியே நிக்ஸனுடன் டெலிவிஷனில் மூன்றாவது விவாதத்தை நடத்தி முடித்துவிட்டு விமானம் ஏறினார். ஆன் ஆர்பரில் அன்றிரவு தூங்கிவிட்டு மறுநாள் ரயிலில் பிரசாரத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் திட்டம். பேச்சு எதுவும் தயார் செய்துகொண்டு வரவில்லை. வந்து சேரும்போது மணி இரவு இரண்டு. பார்த்தால், படிக்கட்டுக்கு முன்னால் சுமார் பத்தாயிரம் மாணவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகு பேசாமல் படுக்கப் போக முடியுமா? படியில் நின்று மூன்றே நிமிஷம் பேசினார். டாக்டராகப் போகிறவர்களில் எத்தனை பேர் கானாவில் நாட்களைக் கழிக்கத் தயார், என்ஜினீயர்களில் எத்தனை பேர் வெளிதேசங்களில் உழைக்கத் தயார் என்று கேட்டார். பீஸ் கோர் என்ற பெயரைக்கூட அவர் அன்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

மாணவர்கள் தூங்கவில்லை. ஆலன் கஸ்கின், ஜூடித் கஸ்கின் என்ற மாணவத் தம்பதி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று கிளம்பினார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 'நாங்கள் போகத் தயார்' என்று சுமார் ஆயிரம் கையெழுத்துச் சேர்த்தார்கள். நவம்பர் 2-ம் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோ கூட்டத்தில் கென்னடி பகிரங்கமாகவே திட்டத்தை அறிவித்தார். சில தினங்களில் டொலிடோ நகரத்துக்கு அவர் வந்தபோது ஆன் ஆர்பர் மாணவர்கள் காகிதக் கட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

1961 மார்ச் முதல் தேதி ஜனாதிபதியின் உத்தரவு. தங்கை யூனிஸின் கணவரான ஸார்ஜண்ட் ஷ்ரைவர் முதல் டைரக்டர். ஆகஸ்டு 30-ம் தேதி முதல் கோஷ்டி விமானத்திலிருந்து இறங்கியது. எந்த ஊரில் தெரியுமா? கானாவின் தலைநகரமான அக்ராவில்! கஸ்கின் தம்பதியும் சும்மா இருக்கவில்லை; தாங்களும் தொண்டர்களாகத் தாய்லாந்துக்குப் போனார்கள்.

நான் படியில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். இந்தக் கல்லில் கேட்ட கேள்விக்கும் அக்ராவில் வைத்த காலடிக்கும் நடுவில் 320 நாள். ஒரு பெரிய நிறுவனமே அதற்குள் பிறந்து, பேர் வைத்து, நடை பழகி, கடலையும் தாண்டிவிட்டது.

"நீ விண்ணப்பம் போட்டது எப்போது?"

"செப்டம்பர் ஆரம்பத்திலே மாமா."

"புறப்படுவது ஜூனில். ஒரு நிறுவனத்துக்கு 320 நாள். ஒரு பெண்ணுக்கு ஒன்பது மாதமா?"

மருமகள் சிரித்தாள். "அப்பாவும் இதையேதான் கேட்டார்" என்றாள்.

களாக்காயும் பலாக்காயும்

அத்தான் மோட்டார் தொழிற்சாலையில் என்ஜினீயர். நல்ல மனிதர். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவர் முகம் தெளிவாக இல்லை.

"நீயே சொல்லு மாப்பிள்ளை. நானும் உன் அக்காவும் இரண்டு பெட்டியோட இந்த ஊருக்கு வந்தோம். பனியிலே சறுக்கி விழுந்து, பழைய கார் ஓட்டி, பெண்ணைப் படிக்க வைச்சோம். எதுக்கு? கிராமத்தைத் தேடி அவ திரும்பிப் போறதுக்கா?"

அதற்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. சிகாகோவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெண்ணுக்கு உத்தியோகம் தருவதாகக் கடிதம் எழுதியிருந்தது. நல்ல சம்பளம். ஆனால் நவம்பர் முடிவதற்குள் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சள் வட்டமோ ஜனவரியில்! நவம்பரில் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜனவரியில் அங்கிருந்தும் இல்லை என்று பதில் வந்தால்?

"கிடைக்கப்போகிற பலாக்காயைவிடக் கையிலிருக்கிற களாக்காய் மேல்" என்றார் அத்தான்.

பெண் பதில் பேசவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். எனக்குத்தான் இட்லி தொண்டையில் நின்றது.

பிறகு தனியாக உட்கார்ந்து, இத்தனை மாதம் என்னதான் செய்கிறார்கள் என்று அவளிடம் விசாரித்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ இப்படி வெளிதேசத் தொண்டுக்குக் கிளம்பலாம். ஆகையால் அவள் சொன்னதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விண்ணப்பம். படிப்பு, அனுபவம், 'நான் ஏன் போக விரும்புகிறேன்' என்று ஒரு கட்டுரை. தேசத்தையும் வேலையையும் நாமே பொறுக்கலாம். 'எங்கே தேவையோ அங்கே அனுப்புங்கள்' என்றும் விட்டுவிடலாம். இதற்குக் கட்டணம் ஒரு காசு கிடையாது. கூடவே உடம்பைப் பற்றிய நீண்ட கேள்வித்தாள். சிறு வயதில் வந்த ஆஸ்துமா முதல் போன வருஷம் உடைந்த விரல் வரை மறைக்காமல் எழுத வேண்டும். ஏனென்றால் ஒருவருடைய வியாதிக்கு வேண்டிய வைத்தியம் எல்லாத் தேசத்திலும் கிடைக்காது. அதைப் பொறுத்தே எங்கே அனுப்பலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது பேட்டி. கம்ப்யூட்டர் திரையில் முகம் பார்த்தே நடக்கிறது. அதற்குப் பிறகு அழைப்பு. அழைப்பு என்றால் டிக்கெட் என்று நினைத்துவிடக் கூடாது! 'மற்றவையெல்லாம் சரியாக இருந்தால் வரலாம்' என்று அர்த்தம். அழைப்புக்குப் பிறகுதான் உண்மையான ஓட்டம். ரத்தப் பரிசோதனை, பல் பரிசோதனை, தடுப்பூசிகள், குற்றம் ஏதும் செய்தவரில்லை என்பதற்குக் கைரேகை, பாஸ்போர்ட், விசா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. ஒன்று தவறினாலும் சிவப்பு தேதி கைநழுவிப் போகலாம்.

எல்லாம் சரியானால், அமெரிக்காவிலேயே ஓர் ஊரில் கோஷ்டி முழுவதையும் கூட்டிப் புத்திமதி சொல்லி, ஒன்றாக விமானம் ஏற்றுவார்கள். சாமான் இரண்டு பெட்டி. மொத்தம் 100 பவுண்டு, நம் கணக்கில் 45 கிலோ. இரண்டே கால் வருஷத்துக்கு! அங்கே போனதும் ஓர் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கிப் பாஷையும் பழக்க வழக்கமும் கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்து பிரமாணம் எடுத்த பிறகுதான் தொண்டர் என்ற பெயரே வரும்.

"ஆரம்ப காலத்திலே இப்படியில்லை மாமா" என்றாள் அவள். "சீக்கிரம் கூப்பிட்டுப் பயிற்சியிலே உட்கார வைச்சுடுவாங்க. அப்புறம் பயிற்சி நடுவிலே, 'நீ சரிப்பட மாட்டே, வீட்டுக்குப் போ'ன்னு சிலரை அனுப்பிடுவாங்க. பெட்டியோட திரும்பி வந்தா எப்படி இருக்கும்? அதைவிட வீட்டிலேயே காத்திருக்கிறது மேல் இல்லையா?"

இவ்வளவும் ஜாக்கிரதையாகச் செய்தாலும் உலகம் நம் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, அறுபதுக்கு மேற்பட்ட தேசங்களில் இருந்த சுமார் 7,000 தொண்டர்களையும் ஒரேயடியாகத் திரும்ப அழைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. அப்போது புறப்படத் தயாராக இருந்தவர்கள் கட்டின பெட்டியை அவிழ்த்தார்கள். மறுபடி முதல் கோஷ்டிகள் ஜாம்பியாவுக்கும் டொமினிகன் குடியரசுக்கும் கிளம்பியது 2022 மார்ச்சில். நடுவில் இரண்டு வருஷம்!

அக்கா இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "சின்ன வயசுப் பெண்ணாச்சே, எப்படிடா தனியா அனுப்பறது?" என்றாள்.

அவளுக்கு நான் லில்லியன் கார்ட்டர் அம்மாளின் கதையைச் சொன்னேன். நர்ஸாக இருந்த அந்த அம்மாள், கணவரை இழந்து, பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு, 1966-ல் தம் 68-வது வயதில் இதே பீஸ் கோர் தொண்டராக நம் தேசத்துக்கே வந்தார். பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலியில் இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஏழைத் தொழிலாளிகளுக்குச் சேவை செய்தார். அவருடைய பிள்ளை ஜிம்மி கார்ட்டர் பிற்பாடு ஜனாதிபதியானார். நம் தேசத்துக்கு இந்தத் தொண்டர்கள் 1961 முதல் 1976 வரை வந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் யாரும் போகலாம்; அதற்கு மேல் வயது வரம்பே கிடையாது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அறுபத்தெட்டா?" என்றாள். பிறகு, "அப்போ எனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

ஆச்சியின் உரல்

இத்தனை தேதிகளுக்கு நடுவில் மருமகளை உறுத்திய விஷயம் வேறு. தாமிரபரணிக் கரையில் பெரியம்மா இருக்கிறாளே, இவளுடைய ஆச்சி, அவளுக்கு வயது 84. சிவப்பு தேதியிலிருந்து 27 மாதம் எண்ணினால் ஆச்சிக்கு 87 நெருங்கிவிடும்.

"எப்போ மாமா நான் ஆச்சியைப் பார்க்கிறது?" என்று கேட்டாள். "அழைப்பு வந்துட்டா டாக்டர், டென்டிஸ்ட், கைரேகை, கடைசிப் பரீட்சை... நடுவிலே நகர முடியாது. புறப்படறதுக்கு முன்னாடி பார்த்துக்கலாம்னு நினைச்சா, அந்த 'முன்னாடி' வரவே வராது."

அவளே முடிவும் செய்தாள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில், கையில் அழைப்பும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் இருக்கும் அந்த டிசம்பர்தான் தன்னுடைய மாதம் என்று. எல்லோரும் 'வீணாய்ப் போகிற காலம்' என்று சொல்கிற அந்த இடைவெளியை அவள் ஆச்சிக்காக எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் சிகாகோ கம்பெனிக்கு 'மன்னிக்கவும்' என்று எழுதிப் போட்டாள். அத்தான் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் திருநெல்வேலிக்கு விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தூத்துக்குடி விமான நிலையத்தில் அவளை அழைத்துக்கொள்ள நானும் சென்னையிலிருந்து போயிருந்தேன்.

மார்கழிக் குளிரில் ஆச்சியும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து நடத்திய சம்பாஷணையை அப்படியே எழுதினால் இந்தப் பத்திரிகையில் தொடர்கதையாகப் போடலாம்.

"சம்பளம் எம்புட்டு தருவான்?" என்று ஆரம்பித்தாள் ஆச்சி.

"சம்பளம் இல்லை ஆச்சி. சாப்பாட்டுக்குத் தருவாங்க."

"எங்க அண்ணாச்சி அந்தக் காலத்துல பினாங்குக்குப் போனாக. கொழும்புக்குப் போனவுகளும் உண்டு. சம்பளமில்லாம சீமைக்குப் போறவ நீ ஒருத்திதான்! சரி, அங்க என்ன திம்பாக?"

கானாவில் மரச்சீனிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து, பெரிய மர உரலில் போட்டு, உயரமான உலக்கையால் இடித்து, உருண்டையாகப் பிடித்துச் சாறு விட்டுச் சாப்பிடுவார்கள் என்று பேத்தி சொன்னாள். அதற்கு 'ஃபுஃபு' என்று பெயர். அரிசிச் சோறும் உண்டு.

ஆச்சி எழுந்து போனாள். கொல்லைப்புறத்தில் முப்பது வருஷமாகக் கவிழ்த்துக் கிடந்த உரலை வேலையாளை விட்டு நிமிர்த்தச் சொன்னாள். உலக்கையை எடுத்துப் பேத்தி கையில் கொடுத்தாள். "இடி, பாப்போம். அங்க போயி முழிச்சிக்கிட்டு நிக்கப்படாதுல்லா?" என்றாள். அன்றைக்கு எங்களுக்கு மரச்சீனிக் கிழங்குதான் ராத்திரி ஆகாரம். மருமகளின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

டிசம்பர் 30-ம் தேதி ராத்திரி, கிழங்கு ஏப்பம் அடங்குவதற்குள், அவள் கைபேசியில் கடிதம் வந்தது. அழைப்பு! கானா. கணித ஆசிரியை. சில நாட்களுக்குள் சரி என்று பதில் எழுத வேண்டும். அவள் ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. திண்ணையில் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பதில் எழுதி அனுப்பினாள். உடனே ஆன் ஆர்பருக்குப் போன் போட்டாள். அங்கே அப்போது காலை நேரம். அத்தான்தான் எடுத்தார். இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கணக்கை நல்லாச் சொல்லிக் குடு" என்றார்.

புறப்படும் நாள் வந்தது. கார் வாசலில் நின்றது. பேத்தி, "போறேன் ஆச்சி" என்றாள்.

"ஏட்டி! போறேன்னு சொல்லப்படாது. போயிட்டு வாரேன்னு சொல்லு!"

"போயிட்டு வாரேன் ஆச்சி."

நாலாவது வட்டம்

வாசகர்களே! அமெரிக்கப் பிரஜையாக இருந்தால்தான் பீஸ் கோரில் சேர முடியும். ஆனால் தொண்டு செய்ய ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் தொண்டர் திட்டம் 1971 முதல் நடக்கிறது. ஜெர்மனியில் பான் நகரத்தில் அதன் தலைமைக் காரியாலயம். எந்தத் தேசத்தவரும் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதற்கும் கட்டணம் கிடையாது. வெளிதேசத் தொண்டுக்கு அனுப்புகிறேன், முதலில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எங்கே விண்ணப்பம் போட்டாலும் அக்கா வீட்டைப் போல மூன்று வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி முடிந்ததும் கிளம்ப வேண்டுமானால், அதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் முன்பாகவே தொடங்குங்கள். பல்லில் கோளாறு இருந்தால் அழைப்புக்குக் காத்திராமல் இன்றைக்கே பாருங்கள். உத்தியோகத்தை விடுவதானால் எந்தத் தேதியில் விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். பார்க்க வேண்டிய பெரியவர்களை முதல் இடைவெளியிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது இடைவெளி சர்க்காருடையது. அதில் உங்களுக்கு நேரம் இராது.

இதை எழுதும் இன்று, மருமகளின் வைத்திய அனுமதி இன்னும் வரவில்லை. கடைவாயில் கோணலாக முளைத்திருந்த அறிவுப் பல் இரண்டை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தாகிவிட்டது. டென்டிஸ்ட் காகிதம் போயிருக்கிறது. மற்றக் காகிதங்களும் போயிருக்கின்றன. சிவப்பு வட்டத்துக்கு இன்னும் பத்து வாரம். சிகாகோ வேலைக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. அக்கா தினமும் காலையில் காலண்டரைக் கிழிக்கும்போது எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள்: "இன்னிக்கும் வரலை."

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் செய்தாள்.

"ஏய், அவ தேதி எல்லாம் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காளாமே, உங்க அக்கா! எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

"போட்டுத் தர்றேன் பெரியம்மா. ஜூன் முதல் வாரம்..."

"அது யாருக்கு வேணும்? போற தேதியை வச்சு நான் என்ன செய்ய? திரும்பி வார தேதியைச் சொல்லு."

ஜூனிலிருந்து 27 மாதத்தை விரல் விட்டு எண்ணினேன். செப்டம்பர் வந்தது.

"அந்த வருஷத்துக் காலண்டர் இன்னும் அச்சே ஆகலை பெரியம்மா" என்றேன்.

"அதனால என்ன? அச்சானதும் ரெண்டு வாங்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்க அக்காவுக்கு" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா போனை வைத்துவிட்டாள்.